ஆனந்தவள்ளி கட்டிய காலி வீடு

ஆனந்தவள்ளிக்கு என்ன வேலை என்று அவள் சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்றுவரை சரியாகத் தெரியாது. கீழப்பாவூரில் அவள் பிறந்த வீட்டில் மூத்த அண்ணன் போலீஸ், இளையவன் ராணுவம். கூடத்துச் சுவரில் இரண்டு பேரும் சீருடையில் விறைப்பாக நிற்கிறார்கள். கட்டிக்கொண்ட மணிமுத்துவும் குற்றாலத்தில் ஏட்டு. இப்படிக் காக்கியும் பச்சையுமாக இருக்கிற குடும்பத்தில் ஒருத்தி மட்டும் காலையில் கிளம்பி, இலஞ்சி ரோட்டில் பாத்திர வாடகைக் கடை மாடிக்குப் போய், சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

கேட்கிறவர்களுக்கு மணிமுத்து ஒரு பதில் வைத்திருக்கிறான். "கம்ப்யூட்டர்ல குத்தம் கண்டுபிடிக்கா." உடனே அவர்கள், "அப்போ ஒங்க டிப்பார்ட்மெண்டுதான்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். பார்க்கப்போனால் இதைவிடச் சரியான விளக்கத்தை அந்தக் கம்பெனியே இன்னும் கொடுத்ததில்லை.

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்த கையோடு தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தவள், பத்து வருஷம் அங்கேயே இருந்துவிட்டாள். வருமானச் சான்றிதழ், போலீஸ் தேர்வு விண்ணப்பம், பரீட்சை ரிசல்ட் என்று ஊருக்கே படிவம் நிரப்பிக் கொடுத்தாள். அந்தப் பத்து வருஷத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது. "ஏம்மா, இத அடிச்சுக் குடு" என்பதுதான் பெயர். அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன் புது வேலை கிடைத்தபோது, கம்பெனியில் கொடுத்த அடையாள அட்டையை அவள் கழுத்திலிருந்து இறக்கவே இல்லை. தக்காளி வாங்கப் போனாலும் அட்டை ஆடும். மணிமுத்து கேலி செய்வான். தொப்பியைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகிறவன் அடுத்தவர் அட்டையைப் பற்றிப் பேசலாமா என்று இவள் கேட்பாள்.

வேலை கிடைத்த விதமும் சொல்லத்தக்கதுதான். முதலாளி உமாசங்கர் பெங்களூரில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நேர்முகத்தில் கேள்வியெல்லாம் கேட்கவில்லை. தாங்கள் செய்த மென்பொருளைத் திறந்து வைத்து, "ஓட்டிப் பாருங்க" என்றார். அது முதலில் பெயரைக் கேட்டது. ஆனந்தவள்ளி பத்து வருஷப் பழக்கத்தில் இனிஷியல், புள்ளி, ஓர் இடைவெளி, பெயர், அடைப்புக்குறிக்குள் வீட்டுக்காரர் பெயர் என்று வரிசையாக அடித்தாள். மென்பொருள் படுத்துவிட்டது.

"எல்லாரும் இப்பிடித்தான் சார் எழுதுவாங்க" என்றாள்.

உமாசங்கர் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

அந்த மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் கட்டுச்சோறு. கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட வேண்டுமென்றால் அது தனியாக வராது. கூட நாலைக் கேட்கும். அந்த நாலும் ஆளுக்கு ஐந்தைக் கேட்கும். எது எது வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கி, வேண்டாதபோது மற்றதற்குச் சேதமில்லாமல் எடுத்துவிடுகிற காரியத்தைச் செய்வதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. பேக்கேஜ் மேனேஜர் என்பார்கள். கல்லூரி ஆய்வகங்களுக்காக உமாசங்கர் செய்தது அந்த வகை. போகிற இடத்தில் அவிழ்த்து வைத்தால் பசியாற வேண்டும், அவ்வளவுதான் என்பார். பதினொரு பேர் அதற்காக உழைத்தார்கள். பத்துப் பேர் கட்டுவார்கள், ஆனந்தவள்ளி அவிழ்த்துப் பார்ப்பாள். இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். ஒரு சோதனை தேறினால் திரையில் பச்சை விழும், தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சையாக வந்தால்தான் அவள் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்தில்லாமல் எதுவும் மாடிப்படி இறங்காது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சில வழக்கங்கள் உண்டு. உன் வீடு எந்தக் கோப்புறை, ஒன்று வேண்டுமென்றால் முதலில் எங்கே தேட வேண்டும், எந்த மொழியில் பேச வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். என்விரான்மென்ட் செட்டிங் என்று பெயர். எந்த மென்பொருளும் வேலையைத் தொடங்குமுன் இந்த வழக்கங்களைக் கேட்டுக்கொள்ளும். கேட்டதை வெளியே சொல்லாது.

மே மாதம் வந்தது வினை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நாற்பது கம்ப்யூட்டர்களில் கட்டுச்சோற்றைப் போட ஸ்வாதி போனாள். வெளியிலிருந்து, அதாவது நெட்டிலிருந்து, சரக்கை இழுத்து வருகிற பகுதியை எழுதியவள் அவள்தான். இருபத்தேழு வயது, கெட்டிக்காரி. நாற்பதில் ஒன்றில்கூட ஓடவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் இராமலட்சுமி மேடம் மாணவர்கள் முன்னாலேயே, "நீங்க இத ஒரு தடவயாவது ஓட்டிப் பாத்தீயளா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்வாதி பஸ்ஸில் திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் மறுபடி ஓட்டினால் இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை. மறுபடி மறுபடி பச்சை. "நம்ம மெஷின்ல ஓடுதுக்கா" என்றாள் ஸ்வாதி. கடைசியில் கல்லூரி நெட்டில் ஏதோ தடுப்பு இருக்கிறது என்று முடிவு கட்டி, அதற்கொரு மாற்று வழி எழுதினார்கள். அதையும் சோதித்தார்கள். பச்சை.

ஜூலையில் கல்லூரி இன்னொரு திங்கட்கிழமையைக் கொடுத்தது. அதற்கு முந்தின வாரம் உமாசங்கர் ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"இந்தத் தடவயும் ஓடலன்னா காலேஜ் ஆர்டர் போயிரும். அப்புறம் டெஸ்ட்டிங்க சென்னையில ஒரு கம்பெனிகிட்ட குடுக்குறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. ஒங்க கையெழுத்த நம்பித்தான் அனுப்புதேன். முன்னாடியே சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்கிடாதீய."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சோதனை சென்னைக்குப் போனால் அவள் வேலையும் கூடவே போய்விடும், அவ்வளவுதான். மறுபடி பிரவுசிங் சென்டர், மறுபடி "ஏம்மா". அன்றைக்கு வீட்டுக்குப் போய் அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

இதற்கு நடுவில் குற்றால சீசன் வேறு. சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களின் வீடு அவர்களுடையதில்லை. ஆறு மாதமாகப் போன் செய்யாத சொந்தங்களுக்கெல்லாம் திடீரென்று பாசம் பெருக்கெடுக்கும். அருவியில் குளிக்க வருகிறோம் என்று சொல்ல மாட்டார்கள், உங்களைப் பார்க்க வருகிறோம் என்பார்கள். மணிமுத்துவின் அக்கா குடும்பம் வியாழக்கிழமை சென்னையிலிருந்து வந்து இறங்கியது. ஐந்து பேர், ஏழு பைகள்.

வெள்ளிக்கிழமை காலை, அக்கா வீட்டுக்காரர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார்.

"அத்தான், கதவ லேசா மேல தூக்கி, வலது பக்கம் ஒரு தள்ளு தள்ளி, அப்புறம் இழுங்க" என்று மணிமுத்து வெளியே நின்று சொன்னான்.

"எந்தப் பக்கம் வலது மாப்ளே?"

"ஒங்களுக்கு எடது. எங்களுக்கெல்லாம் நல்லாத்தான தொறக்கும்."

"இதெல்லாம் கதவுல எங்க எழுதியிருக்கு?"

அத்தான் வெளியே வர இருபது நிமிஷம் ஆனது. அப்புறம் அவர் மனைவி அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் முழித்தாள். குமிழை அழுத்திப் பிடித்து மூன்று எண்ண வேண்டும். பெரிய பையன் தண்ணீர் மோட்டார் ஸ்விட்சைத் தேடினான். அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. இட்லித் தட்டோடு நின்ற ஆனந்தவள்ளி தன் வீட்டை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இந்த வீட்டில் எதுவுமே சரியாக இல்லை. ஆனால் இங்கே இருக்கிறவர்களுக்கு எல்லாமே சரியாக இருக்கிறது. எதை எப்படி இழுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்துபோனதால், கோளாறு கண்ணில் படவில்லை.

இட்லித் தட்டை அப்படியே மேசையில் வைத்தாள். "நான் ஆபீஸ் போறேன், மதினி. சட்னி அரைக்கணும், நீங்களே அரைச்சிருங்க. மிக்ஸி மூடிய ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கோங்க."

அலுவலகத்தில் யாரும் வந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு புதுக் கோப்புறை திறந்து, அதற்குக் காலிவீடு என்று பெயர் வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு சோதனையைத் தொடங்குமுன் அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும் கம்ப்யூட்டரின் பழைய வழக்கங்களின்மேல் புதியதைப் போட்டு மறைத்தாள். உன் வீடு இதுதான். உனக்கென்று எழுதி வைத்த குறிப்பு எதுவுமில்லை. நீ ஊருக்குப் புதுசு, நேற்றுத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாய். இதற்கு ஓவர்ரைடு என்று பெயர். பெரிய வித்தையொன்றுமில்லை, ஏழு வரிதான். இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

ஓட விட்டாள்.

சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. முடிந்தபோது இருபத்தைந்து பச்சை, நூற்றெண்பத்தேழு சிவப்பு.

தான்தான் ஏதோ தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்தாள். மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு மறைத்த வழக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தாள். வீட்டைக் கொடுத்தாள், சிவப்பு. மொழியைக் கொடுத்தாள், சிவப்பு. சரக்கை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லுகிற வரியைக் கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடித் திறந்தாள். வரிக்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழில், ஒரு குறிப்பு இருந்தது. "சீசன் முடிஞ்சதும் எடுத்துரணும். ஆனந்தவள்ளி."

அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடிக் காற்றில் மரம் விழுந்து கேபிள் அறுந்து, பதினொரு நாள் நெட் இல்லாமல் போனது. அப்போது அவள்தான், தேவையான சரக்கையெல்லாம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த, அலுவலக மூலையில் இருக்கும் சர்வர் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதி, பதினொரு கம்ப்யூட்டரிலும் கைப்பட ஏற்றினாள். வேலை தடைபடவில்லை. உமாசங்கர் எல்லோருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்து, அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். சீசன் முடிந்தது, வரி நின்றுவிட்டது. சாரலுக்குப் போட்ட தகரக் கொட்டகை தை வரை நிற்கிற ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை.

அன்றிலிருந்து எல்லாச் சோதனையும் பெட்டியிலிருந்தே சாப்பிட்டு வந்திருக்கிறது. வெளியே போய்ச் சரக்கு எடுக்கிற பகுதியை ஸ்வாதி எழுதியது அதற்கு ஒரு வருஷம் கழித்து. இந்த மாடியில் அது ஒரு தடவைகூட உண்மையில் ஓடியதே இல்லை. அதில் தப்பு இருந்தது. கண்டுபிடிக்க வேண்டியவள் போட்ட வரியே அதை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆனந்தவள்ளி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். மலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. மணி எட்டரை. யாரும் வர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. பதினொரு கம்ப்யூட்டரிலும் அந்த வரியை அழிக்க இருபது நிமிஷம் போதும். அழித்துவிட்டு, "புதுசா ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கேன் சார், வெளிய போயி எடுக்குற பகுதியில" என்று சொன்னால் கண்டுபிடித்த பெருமையும் அவளுக்கு, வேலையும் அவளுக்கு. உண்மையைச் சொல்லப்போனால் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முதல் கம்ப்யூட்டரில் வரியின் கடைசிக்குப் போய், அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தும்விட்டாள்.

பிறகு விரலை எடுத்துவிட்டு உமாசங்கருக்காகக் காத்திருந்தாள்.

அவர் வந்து பையை வைக்கக்கூட விடவில்லை. சிவப்பைக் காட்டினாள், பச்சையைக் காட்டினாள், வரியைக் காட்டினாள், தன் பெயரையும் காட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அழகான கடிதத்தாள். சென்னைக் கம்பெனி. வெள்ளோட்டமாகச் சோதித்துச் சொல்லும்படி அவர் கேட்டிருக்கிறார். அவர்கள் அங்கிருந்தபடியே இந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் நுழைந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அறிக்கையில் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, அனைத்தும் வெற்றி.

"நேத்து சாயங்காலம் வந்துது" என்றார் உமாசங்கர். "திங்கக்கெழம எப்பிடிப் போனாலும் சரி, இவங்ககிட்டயே குடுத்துருவோம்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன்."

ஆனந்தவள்ளி தாளைப் பார்த்தாள். அதில் நிறைய பச்சை இருந்தது.

"அந்த வரிய அழிச்சுட்டு நீங்க எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார் உமாசங்கர்.

"அதுல என் பேரு இருக்கு சார். அத அழிச்சா அப்புறம் ஸ்வாதி பேரு மட்டுந்தான் மிஞ்சும்."

உமாசங்கர் தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நாடகமாக எல்லாம் இல்லை. டீ குடித்த காகித டம்ளரைப் போடுவதுபோல் போட்டார். "சரி செய்ய எத்தன நாளு?"

"ஸ்வாதிகிட்ட கேக்கணும். நாலஞ்சு நாளு ஆவும். திங்கக்கெழம நடக்காது."

"காலேஜுக்கு யாரு சொல்லுதது?"

அதற்கும் அவளேதான் போன் செய்தாள். பக்கத்தில் ஸ்வாதி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், திங்கக்கெழம நாங்க வரல. வந்தாலும் ஓடாது."

இராமலட்சுமி மேடம், "போன தடவ வந்து ஓடல. இந்தத் தடவ வராமலே ஓடலயா?" என்றார்.

"எங்க ஆபீஸ்ல ஓடிக்கிட்டுதான் மேடம் இருந்துது. அதுதான் கோளாறு." ஆனந்தவள்ளி அத்தான் குளியலறைக்குள் இருபது நிமிஷம் நின்ற கதையைச் சொன்னாள். கதவைத் தூக்கித் தள்ளி இழுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உங்கள் நாற்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் வரவில்லை. ஆனால் குரல் இறங்கி வந்தது.

"எங்க வீட்டுலயும் ஒரு கதவு இருக்கு. சரி, அடுத்த திங்கக்கெழம வாங்க. நீங்களே வரணும். ஒங்க கம்ப்யூட்டர் எதயும் தூக்கிட்டு வராதீய."

ஸ்வாதி ஐந்து நாளில் அந்தப் பகுதியைத் திருத்தினாள். தினமும் சாயங்காலம் ஆனந்தவள்ளி காலிவீட்டில் ஓட்டிப் பார்ப்பாள். நூற்றெண்பத்தேழு சிவப்பு தொண்ணூறானது, முப்பதானது, நாலானது. அந்த நாலும் அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை உயிரை எடுத்தன. வீட்டு விருந்தாளிகளும் அதே வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பினார்கள். போகும்போது அத்தான் தன் கையாலேயே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டுப் போனார். இப்போது வீட்டுக்காரர்கள் பழக்கத்தில் கதவைத் தூக்கித் தள்ளி மாட்டிக்கொள்கிறார்கள்.

திங்கட்கிழமை இரண்டு பெண்களும் சங்கரன்கோவில் பஸ்ஸில் போனார்கள். முதல் கம்ப்யூட்டரில் கட்டுச்சோறு இறங்கி, வேண்டியதையெல்லாம் தானே தேடி எடுத்து வைத்துக்கொண்டது. இரண்டாவது, மூன்றாவது. பத்து முடிந்ததும் இராமலட்சுமி மேடம் பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். நாற்பதாவதை முடிக்கும்போது மணி ஒன்று. மேடம் ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பாராட்டெல்லாம் இல்லை. "கேன்டீன்ல சாப்பாடு நல்லாருக்கும்" என்றார்.

சாப்பிடும்போதுதான் ஸ்வாதி பேசினாள்.

"மே மாசத்துலேந்து எனக்குத் தூக்கமே கெடையாதுக்கா. நான் எழுதுன புரோகிராம்தான் தப்புன்னு உள்ளுக்குள்ள தெரியுது, ஆனா ஓட்டிப் பாத்தா சரின்னு வருது. எனக்குத்தான் மண்டையில ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன்."

ஆனந்தவள்ளி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். வேலை போய்விடும் என்று பயந்த நாட்களில்கூட இப்படி வலிக்கவில்லை.

"உன் புரோகிராம் தப்புதாம்ட்டி. அத ஒனக்குச் சொல்லத்தான் எனக்கு வேல. நான் என்ன செஞ்சேன்? நீ எழுதுன நாளுலேந்து ஒவ்வொரு தடவயும் சரி, சரின்னு எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன்." கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "என்ன மன்னிச்சிருட்டி."

ஸ்வாதி ரசக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "ரசம் ஊத்திக்கிடுங்கக்கா, ஆறிரும்" என்றாள்.

மறுநாள் காலை ஆனந்தவள்ளி அட்டையை மாட்டிக்கொண்டு மாடியேறியபோது ஸ்வாதி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். புதிதாக எழுதிய ஒரு பகுதியை முதல் ஆளாக அவளிடம் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, இத ஒடச்சுக் காட்டுங்க. எனக்குச் சரியாத்தான் தெரியுது, அதான் பயமாருக்கு."

ஆனந்தவள்ளி காலிவீட்டைத் திறந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று இடத்தில் உடைத்துக் காட்டினாள். ஸ்வாதி மூன்றையும் குறித்துக்கொண்டு, மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள்.